கெலுவார் நாளில் என் முறை

எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. யாராவது "அப்புறம் சொல்றேன்" என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. அடுத்த மேசையில் இரண்டு பேர் குசுகுசுத்தால் என் காது தானாக அந்தப் பக்கம் போய்விடும். பேருந்தில் முன்னிருக்கைக்காரர் கைப்பேசியில் யாருக்கோ நீளமாக எழுதிக்கொண்டிருந்தால், அதை அவர் அனுப்பும்வரை நான் கண்ணை மூடுவதில்லை. இப்படிப்பட்ட என்னைத்தான் பள்ளிக்கூடத்தின் கடைசி நாளில் ஒரு கதவுக்கு வெளியே நிறுத்திவைத்தார்கள். உள்ளே என்ன நடந்தது என்பது எனக்குத் தெரிய வருடக்கணக்காயிற்று.

எங்களுடையது சிங்கப்பூரிலிருந்து பாலம் தாண்டினால் வரும் கெலாங் பாத்தா என்ற ஊரில் ஒரு சாதாரண இடைநிலைப்பள்ளி. மலாய், சீன, தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாகப் படித்தோம். தமிழ்ப் பாடம் மட்டும் மற்ற வகுப்புகள் எல்லாம் முடிந்தபிறகு, மதியத்துக்கு மேல் நடக்கும். எங்களுக்கென்று அறை கிடையாது. மரவேலைப் பட்டறையைக் கொடுத்திருந்தார்கள். இலக்கணப் புத்தகத்தைத் திறந்தால் மரத்தூள் கொட்டும். எழுந்து நின்றால் சீருடையின் பின்பக்கம் முழுக்க அதுதான். முதலாம் படிவத்திலிருந்து ஐந்தாம் படிவம்வரை அதே பட்டறை, அதே முகங்கள், அதே பசி. தமிழ் வகுப்பு என்றால் எனக்கு இன்றைக்கும் முதலில் ஞாபகம் வருவது பசிதான்.

அந்தப் பட்டறைக்கென்று ஒரு பழக்கம் இருந்தது. அதற்குப் பெயர் கெலுவார். மலாயில் வெளியே போ என்று அர்த்தம். ஐந்தாம் படிவக்காரர்கள் எஸ்.பி.எம். என்ற பள்ளியிறுதித் தேர்வுக்குப் போவதற்கு முன், கடைசித் தமிழ் வகுப்பன்று நடக்கும் பிரிவு விழா அது. மற்ற பள்ளிகளில் விழா என்றால் யாராவது அழுதுகொண்டே பேசுவார்கள், கேக் வெட்டுவார்கள். எங்களிடம் அப்படி இல்லை. ஒரு மைலோ டின்னில் எல்லோர் பெயரையும் சீட்டில் எழுதிப் போட்டுக் குலுக்குவோம். யார் பெயர் வருகிறதோ, அவரைப் போல நாம் நடிக்க வேண்டும். அவருடைய நடை, அவருடைய குரல், அவருடைய வழக்கமான பேச்சு எல்லாவற்றோடும் நின்று, பள்ளியிடம் விடைபெற வேண்டும். அதாவது நம் பிரியாவிடையை நாம் சொல்ல மாட்டோம், நமக்காக வேறொருவர் சொல்லுவார்.

இதில் முக்கியமான விதி, யாரை நடிக்கிறார்களோ அவர் அந்த நேரத்தில் அறைக்குள் இருக்கக் கூடாது. "கெலுவார்!" என்று எல்லோரும் கத்துவார்கள். அவர் எழுந்து வெளியே போக வேண்டும். கதவைச் சாத்திவிடுவார்கள். சன்னல் கண்ணாடியில் ஏற்கெனவே பழைய நாளிதழ் ஒட்டியிருக்கும். வெளியே நிற்பவருக்கு உள்ளேயிருந்து வரும் சிரிப்பு மட்டும்தான் கேட்கும். முடிந்ததும் உள்ளே கூப்பிடுவார்கள். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருப்பார்கள். தன்னை என்ன செய்தார்கள் என்று தெரியாமலே அவர் அசடு வழிய நின்று, தன் பங்குக்கு நாலு வார்த்தை பேசிவிட்டு உட்கார வேண்டும். உள்ளே நடந்ததை அவரிடம் யாரும் எந்தக் காலத்திலும் சொல்லக் கூடாது. யார் நடித்தது என்பதையும்கூட.

இந்த விதி எப்படி வந்தது என்று நான் விசாரிக்காமல் இருப்பேனா? எங்களுக்கு முன்னால் படித்த அண்ணன் ஒருவர், முகத்துக்கு நேரே நடித்துக் காட்டி ஒருமுறை கைகலப்பே ஆகிவிட்டது, அதனால்தான் என்றார். இன்னொரு அக்கா, யாரோ ஒருத்தி அழுதுகொண்டு வீட்டுக்கு ஓடிவிட்டாள் என்றார். எங்கள் தமிழ் டீச்சரைக் கேட்டேன். "நான் வர்றதுக்கு முன்னாலயே இருந்துச்சுமா. நான் என்னத்த கண்டேன்" என்று சொல்லிவிட்டார். எனக்கு இந்த மூன்றில் எதுவும் திருப்தி இல்லை.

எங்கள் வருடக் கெலுவாருக்காக நான் ஏங்கியது கொஞ்ச நஞ்சமல்ல. காரணம் இருக்கிறது. எங்கள் கூட்டத்தில் குரல் மாற்றிப் பேசுகிறவள் நான்தான். முதல்வர் ஒலிபெருக்கியில் கனைப்பது, கேண்டீன் அக்கா மீஹூன் தட்டை வைக்கும்போது "அடுத்து! அடுத்து!" என்று விரட்டுவது, டீச்சர் கோபத்தில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுவது, எல்லாம் எனக்குக் கைவந்த கலை. என்னை யாரும் அழகி என்று சொன்னதில்லை. கெட்டிக்காரி என்றும் சொன்னதில்லை. மதிப்பெண் பட்டியலில் என்னைத் தேட வேண்டுமென்றால் கீழேயிருந்து தேடினால் சீக்கிரம் கிடைப்பேன். ஆனால் நான் பட்டறைக்குள் நுழைந்தால் ஆளாளுக்கு நிமிர்ந்து உட்காருவார்கள், இவள் இன்று யாரைச் செய்யப் போகிறாள் என்று. அந்த வயதில் எனக்கென்று இருந்த ஒரே சொத்து அதுதான்.

ஆனால் ஊரில் உள்ளவர்களை எல்லாம் செய்து காட்டும் எனக்கு என்னைச் செய்து காட்டத் தெரியாது. நான் எப்படி நடக்கிறேன்? எப்படி "ம்" கொட்டுகிறேன்? கண்ணாடி முன்னால் நின்று பார்த்தால், பார்க்கப்படுகிறோம் என்று தெரிந்துகொண்ட ஒருத்திதான் தெரிகிறாள். அதனால் கெலுவாரில் என் பெயர் யார் கையில் கிடைத்தாலும் சரி, அன்றைக்கு எல்லோரையும்விடப் பெரிய சிரிப்பு எனக்குத்தான் கிடைக்கும் என்று உறுதியாக நம்பினேன். அந்தச் சிரிப்பின் அளவை வைத்து நான் யார் என்று தெரிந்துகொள்ளலாம் என்றும் நினைத்தேன். பதினேழு வயதில் இப்படியெல்லாம் யோசனை போகும்.

அந்த நாள் வந்தது. மீஹூனும் கரிபாப்பும் சிரப் தண்ணீரும் மேசையில் இருந்தன. எனக்குச் சீட்டில் கிடைத்தவன் எங்கள் தூங்குமூஞ்சி. ஐந்து வருடமும் கடைசி மேசையில் தலையைக் கவிழ்த்துக் கிடந்தவன். அவனை வெளியே அனுப்பியதும் நான் முன்னால் போய், மேசையில் தலையை வைத்துப் படுத்துவிட்டேன். படுத்தே கிடந்தேன். அதற்கே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ரொம்ப நேரம் கழித்து ஒரு கண்ணை மட்டும் திறந்து, "டீச்சர், மணி அடிச்சிருச்சா?" என்றேன். மறுபடி படுத்தேன். மறுபடி எழுந்து, "எல்லாரும் போறப்ப என்னையும் எழுப்பி விட்டுட்டு போங்க. இல்லாட்டி அடுத்த வருசமும் நான் இங்கதான் இருப்பேன்லா" என்றேன். டீச்சர் சிரிப்பை அடக்க முடியாமல் சிரப் தண்ணீரைத் துப்பிவிட்டார்.

பிறகு எங்கள் பெங்காவாஸ், அதாவது மாணவத் தலைவியை வெளியே அனுப்பினார்கள். நகம், காலுறை, முடி என்று ஒன்று விடாமல் சோதித்து எங்கள் பெயரை எழுதிக்கொண்டு போகிறவள். அவளைச் செய்தவன் தூங்குமூஞ்சி! அவன் விழித்திருந்ததே அதிசயம். கழுத்துப்பட்டையை இறுக்கிக்கொண்டு, ஒவ்வொருவர் காலையும் குனிந்து பார்த்துவிட்டு, "நான் போனதுக்கு அப்புறம் யாரும் இங்க சந்தோசமா இருக்கக் கூடாது. இருந்தா பேரு எழுதுவேன்" என்றான். அடுத்தது, எந்நேரமும் சிங்கப்பூர் போகப்போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கும் ஒருவன். அவனாக நடித்தவள் பையைத் தோளில் மாட்டி, எல்லோரிடமும் கைகுலுக்கி, கண்கலங்கி, "சரி, நான் சிங்கப்பூர் போறேன்" என்று கதவுவரை போய்த் திரும்பி வந்து, "ஜாம்லா" என்று உட்கார்ந்தாள். சிங்கப்பூர் போகும் இரண்டாவது பாலத்தின் நெரிசலில் மாட்டியவர்களுக்கு இந்தச் சிரிப்பின் அருமை தெரியும்.

"கெலுவார்!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார்கள். நான் ராணி மாதிரி எழுந்து போனேன்.

வெளியே நடைபாதையில் யாரும் இல்லை. எதிரே கைப்பந்துத் திடலில் வலை தொங்கிக்கொண்டிருந்தது. நான் கதவில் காதை வைத்தேன். உள்ளேயிருந்து டீச்சர், "காத எடு! நெழல் தெரியுது" என்றார். எடுத்துவிட்டு, சத்தம் போடாமல் மறுபடி சுவரில் வைத்தேன்.

முதலில் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு. ஆஹா, ஆரம்பித்துவிட்டார்கள் என்று எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. இன்னொரு சிரிப்பு, கொஞ்சம் சின்னதாக. அதன்பிறகு நின்றுவிட்டது. அடுத்த சிரிப்புக்கு மூச்சு வாங்குகிறார்கள் என்று நினைத்தேன். வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு யாரோ தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது. வார்த்தை பிடிபடவில்லை. இன்னொரு குரல். அதுவும் தாழ்ந்துதான். எனக்கு முன்னால் போனவர்கள் எல்லாம் ஒரு பாட்டு நேரத்தில் திரும்பி உள்ளே போய்விட்டார்கள். நானோ நின்றுகொண்டே இருந்தேன். நடித்தவர் வசனத்தை மறந்துவிட்டாரா? சண்டையா? யாராவது மயக்கம் போட்டு விழுந்துவிட்டார்களா? கைப்பந்து வலையில் எத்தனை ஓட்டை என்றுகூடப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

கடைசியில் கதவைத் திறந்தவள் பெங்காவாஸ். அவள் கண் சிவந்திருந்தது. சிரித்துச் சிவந்த கண் எப்படி இருக்கும் என்று அன்று முழுக்கப் பார்த்திருக்கிறேன். இது அது இல்லை. உள்ளே போனால் எல்லோரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். தூங்குமூஞ்சி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். டீச்சர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் தயார் செய்து வைத்திருந்த பிரியாவிடையை, முதல்வர் குரலிலும் கேண்டீன் அக்கா குரலிலும் மாறி மாறிச் சொன்னேன். யாருக்கும் சரியாகச் சிரிப்பு வரவில்லை. ஆனால் முடித்ததும் எல்லோரும் கை வலிக்கத் தட்டினார்கள். அந்தக் கைதட்டல்தான் என்னைக் கொன்றுவிட்டது. சிரிக்க வைக்க வந்தவளுக்குக் கைதட்டுவதைவிடப் பெரிய அவமானம் எதுவும் கிடையாது.

நேரமாகிவிட்டதால் மிச்சம் இருந்தவர்களின் முறை வராமலே கெலுவார் முடிந்தது, யார் என்னைச் செய்தது என்று கழித்துப் பார்க்கக்கூட வழியில்லை. அன்று மாலை வீட்டுக்கு நடந்தபோதே விசாரணையைத் தொடங்கினேன். முதல் ஆள் என் பக்கத்து வீட்டுத் தோழி. எங்களுடையது வரிசை வீடு. அவள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். வகுப்பிலும் பக்கத்து நாற்காலி.

"யாருடி என்னைய செஞ்சது?"

"ரூல்ஸ் தெரியும்ல?"

"ஒன்னே ஒன்னு மட்டும் சொல்லு. ஏன் யாருமே சிரிக்கல?"

"மழ வர்ற மாதிரி இருக்கு, வேகமா நட."

வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.

தூங்குமூஞ்சிக்குச் செய்தி அனுப்பினேன். தூங்கும் முகப் படம் ஒன்று பதிலாக வந்தது. சிங்கப்பூர்க்காரனுக்கு ஒரு தே ஐஸ் வாங்கிக் கொடுத்தேன். ஐஸ் கட்டிவரை உறிஞ்சிக் குடித்துவிட்டு, "இன்னொன்னு வாங்கிக் குடுத்தாலும் சொல்ல மாட்டேன்லா. வேணும்னா வாங்கிக் குடு, குடிக்கிறேன்" என்றான். பெங்காவாஸிடம் கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். தேர்வு முடிவு வாங்கப் போன அன்று டீச்சரை வழிமறித்தேன். "நல்லா இருந்துச்சுமா. ரொம்ப நல்லா இருந்துச்சு" என்று என் தோளைத் தட்டினார். இழவு வீட்டில் தட்டுகிற மாதிரி.

நானாகவே ஒவ்வொரு காரணமாக யோசித்துப் பார்த்தேன். என் பேச்சில் ஏதாவது குறை இருக்கிறதோ, அதைக் காட்டப் போய்ப் பாவமாகிவிட்டதோ? கைப்பேசியில் என் குரலைப் பதிவு செய்து கேட்டேன். கொஞ்சம் மூக்கால் பேசுகிறேன், அவ்வளவுதான். என் நடையில் குறையோ? கடைக் கண்ணாடிகளில் எல்லாம் என்னையே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு நடந்ததில் ஒருமுறை ஒரு மோட்டார் சைக்கிளில் இடித்துக்கொண்டேன். இல்லை, நான் ஒரு தொல்லை, வாயாடி, எல்லோரையும் கேலி செய்து புண்படுத்தியவள் என்று யாரோ கொட்டித் தீர்த்துவிட்டார்களோ? இந்தக் கடைசிக் காரணம் வந்தபிறகு கொஞ்ச காலம் நான் யாரையும் போலப் பேசவில்லை. என் சொந்தக் குரலில் மட்டும் பேசினேன். வீட்டில் அம்மா நெற்றியில் கைவைத்துக் காய்ச்சலா என்று பார்த்தார்.

வருடங்கள் போயின. ஆளுக்கு ஒரு பக்கம் சிதறினோம். நானும் தோழியும் மட்டும் கெலாங் பாத்தாவை விட்டுப் போகவில்லை. போகவில்லை என்றால், தினமும் போய்த் தினமும் திரும்பினோம். அவளுக்குச் சிங்கப்பூரின் துவாஸில் மின்னணுத் தொழிற்சாலை. எனக்கு அங்கேயே ஒரு பல் மருத்துவமனையில் முன்மேசை வேலை. மாலையில் ஒரே பேருந்தில் பாலத்தைக் கடப்போம். பாலத்தில் ஜாம் ஆகும்போதெல்லாம் நான் கேட்பேன். "கெலுவார்ல என்னாச்சு?" அவள் காதில் பாட்டை மாட்டிக்கொள்வாள். எங்களுக்கு இது பழகிப்போய்விட்டது.

சென்ற வருடம் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்கு ஊர் உலு திராம். வேலையை விட்டுவிட்டு அங்கே போகிறாள். எங்கள் கடைசிப் பேருந்துப் பயணங்களில் ஒன்று அது. வெள்ளிக்கிழமை. பாலத்தின் நடுவில் வண்டி அசையாமல் நின்றது. பக்கத்தில் மோட்டார்கள் மட்டும் எறும்புச் சாரியாகப் போய்க்கொண்டிருந்தன. நான் பழக்கதோஷத்தில் கேட்டேன். அவள் காதிலிருந்து பாட்டைக் கழற்றினாள்.

"இனிமே ஜாம்ல நீ யாரப் புடிச்சு கேப்ப? ஒன்ன நெனச்சா பாவமா இருக்குடி" என்றாள். பிறகு வெளியே கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நாந்தான்."

"என்ன நாந்தான்?"

"ஒன் சீட்டு எனக்குத்தான் வந்துச்சு. நாந்தான் ஒன்னைய செஞ்சேன்."

இத்தனை வருடமும் என் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுக் கேட்ட கல்லுளிமங்கி! எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் கோபப்பட்டால் வாயை மூடிக்கொள்வாள் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு, "என்ன செஞ்ச?" என்று மட்டும் கேட்டேன்.

"நீ வீட்டுக்கு வர்றத செஞ்சேன்."

எனக்குப் புரியவில்லை. அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். ஒரே சுவர் அல்லவா, நான் பள்ளி முடிந்து வீட்டுக்குள் நுழைவது அவளுக்கு அப்படியே கேட்குமாம். கிரில் கதவைத் திறப்பேனாம். திறந்ததும் எங்கம்மா குரலில், "வந்துட்டியா? ஷூவ வெளிய கழட்டு! எத்தன தடவ சொல்றது?" என்று கத்துவேனாம். உடனே என் குரலில், "கழட்டிட்டேம்மா" என்பேனாம். "சோறு இருக்கு, கொழம்ப சூடு பண்ணிக்க. அடுப்ப மறக்காம அணைக்கணும்." "சரிம்மா." "என்னடி சரி? நேத்து மறந்தியே!" "நேத்து ஒன்னும் மறக்கல, நீங்க சும்மா சொல்றீங்க." இப்படியே போய்க்கொண்டிருக்குமாம். சில நாள் அம்மாவும் நானும் சண்டைகூடப் போட்டுக்கொள்வோமாம்.

எனக்கு முகம் சுட்டது. உண்மைதான். அப்பாவும் அம்மாவும் அந்தக் காலத்தில் சிங்கப்பூரில்தான் வேலை. விடிவதற்கு முன்னாலேயே அப்பா மோட்டாரிலும் அம்மா தொழிற்சாலைப் பேருந்திலும் கிளம்பிவிடுவார்கள். திரும்பும்போது இருட்டிவிடும். அண்ணன் தம்பி யாரும் எனக்குக் கிடையாது. காலி வீட்டில் நுழையும்போது ஒரு விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன். பிறகு அது இல்லாமல் உள்ளே போகவே பிடிக்காமல் போய்விட்டது. தொலைக்காட்சியைப் போட்டுவிட்டுத்தானே பேசுகிறோம், யாருக்கும் கேட்காது என்று நினைத்திருந்தேன்.

"எங்கம்மாவும் சிங்கப்பூர்லதான வேல. எனக்கு அது அவ்ளோ சிரிப்பா இருக்கும். சொவத்துல காத வெச்சு கேப்பேன்" என்றாள் தோழி. "அதனாலதான் அதையே செஞ்சேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பாங்கன்னு நெனச்சேன். மொதல்ல சிரிச்சாங்க. அப்புறம் நின்னுருச்சு."

"என்னையப் பாத்து பாவப்பட்டுட்டாங்களா?" என்று கேட்டேன். இதைக் கேட்கும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. இத்தனை வருடம் தெரிந்துகொள்ளத் துடித்தது இந்தப் பரிதாபத்தைத்தானா என்று இருந்தது.

"ஒன்னைய யாருடி நெனச்சா?" என்றாள் அவள், பட்டென்று. "மொதல்ல அந்தத் தூங்குமூஞ்சி எந்திரிச்சான். எந்திரிச்சு, 'நான் பேச மாட்டேன், பாத்ரூம் கதவ தட்டுவேன்'னு சொன்னான்."

"என்னது?"

"அவங்கம்மா விடிகாலைல கெளம்புறப்ப இவன்தான் எந்திரிச்சு கேட்ட பூட்டணும். அதுக்கப்புறம் அவனுக்குத் தூக்கம் வராதாம், வீடு ரொம்ப அமைதியா இருக்குன்னு. பாத்ரூம் கதவத் தட்டி, 'சீக்கிரம் வாங்க, எனக்கு ஸ்கூலுக்கு நேரமாச்சு'ன்னு கத்துவானாம். உள்ள யாரும் இல்ல. வீட்ல நெறைய பேரு இருக்குற மாதிரி இருக்குமாம்."

பேருந்து கொஞ்சம் நகர்ந்து மறுபடி நின்றது.

"அப்புறம் ஆளாளுக்கு ஆரம்பிச்சிட்டாங்க. சிங்கப்பூர் போறேன் போறேன்னு சொல்வான்ல, அவன். அவங்கப்பா அங்க கட்டட வேல. மத்தியானத்துல எங்க ஒக்காந்து சாப்புடுவாருன்னு அவனுக்குப் பாக்கணுமாம். அதுக்குத்தான் போகணுமாம். இவன் அதச் சொன்னதும் டீச்சர் எந்திரிச்சு பின்பக்கமா திரும்பிக்கிட்டாங்க."

"பெங்காவாஸ்?"

"அவ என்ன சொன்னான்னு ஞாபகம் இல்லடி. அழுதா. அவ அழுதத அன்னிக்குத்தான் பாத்தேன். நானும் ஏதோ சொன்னேன்."

"நீ என்ன சொன்ன?"

"ஒன் வீட்டுச் சத்தம் கேக்குற வரைக்கும் நான் சாப்புட மாட்டேன்னு சொன்னேன். ஒங்கம்மா கொழம்ப சூடு பண்ணச் சொன்னதுக்கு அப்புறம்தான் நானும் சூடு பண்ணுவேன்."

சுவருக்கு அந்தப் பக்கம் அவளும் தட்டை வைத்துக்கொண்டு காத்திருந்தாள் என்பது எனக்கு அதுவரை தெரியாது. எத்தனை மதியங்கள் அப்படிப் போயிருக்கும்! எழுந்து இரண்டு கதவு தாண்டிப் போயிருந்தால் சேர்ந்து சாப்பிட்டிருக்கலாம். இருவருக்கும் அது தோன்றவே இல்லை.

"சரி, அதுக்கப்புறம்? என்னையப் பத்தி என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன். புத்தி போகுமா?

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "ஒன்னும் சொல்லலடி. நெசமாத்தான். ஒன் நெனப்பே யாருக்கும் இல்ல. அவங்கவங்க வீட்டப் பத்தி பேசிக்கிட்டே இருந்தோம். நீ வெளிய நிக்கிறதயே மறந்துட்டோம். அப்புறம் பெங்காவாஸ்தான் திடீர்னு, 'அலமாக்! அவ வெளிய நிக்கிறா!'ன்னு ஓடிப்போயி கதவத் தெறந்தா."

"அடிப்பாவிங்களா!" என்று நான் கத்தியதில் முன்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தவர் திடுக்கிட்டு எழுந்தார். எனக்கு அவரைப் பற்றி அக்கறை இல்லை. எவ்வளவு குரல் பதிவு, எவ்வளவு கண்ணாடி, எவ்வளவு நாள் ஊமையாகத் திரிந்தது! என்னைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று மண்டையை உடைத்துக்கொண்டேனே, அவர்கள் என்னை நினைக்கவே இல்லை! முதலில் எனக்கு அடக்க முடியாத சிரிப்பு வந்தது. தோழியும் சேர்ந்து சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம். சிரிப்பு நின்றபிறகும் எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. மறந்துபோனார்களே என்பதற்காக நான் அழவில்லை. அந்த ஒரு மதியம்தான் அந்தப் பட்டறையில் எல்லோரும் தங்கள் வீட்டைப் பற்றி வாய் திறந்திருக்கிறார்கள். ஐந்து வருடத்தில் ஒரே ஒருமுறை. அதைத் தொடங்கி வைத்ததே என் வீடு. நான் உள்ளே இருந்திருக்க வேண்டும். நானும் இருந்து கேட்டிருக்க வேண்டும், சொல்லியிருக்க வேண்டும். எனக்குப் பொறாமையாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

தோழி கைக்குட்டையை எடுத்து என்னிடம் நீட்டினாள். வண்டிகள் நகர ஆரம்பித்தன. கெலாங் பாத்தா பக்கம் வெளிச்சம் தெரிந்தது.

"எனக்கு ஒன்னு மட்டும் புரியல" என்றாள். "அவ்ளோ நேரம் ஒரு சிரிப்பும் கேக்கலல்ல? நீ கதவத் தட்டியிருக்கலாம், திட்டியிருக்கலாம், வீட்டுக்காவது போயிருக்கலாம். வெளிய நின்னு என்னதான் பண்ணிட்டு இருந்த?"

"நீங்கல்லாம் சிரிப்பீங்கன்னு காத்துக்கிட்டு இருந்தேன்" என்றேன்.